பெயரிட்டு அழைத்தல்: கிரேக்க, அர்மீனியப் பெயர்களின் வரலாறும் நம் திருமுழுக்குப் பெயர்களும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் விருத்தாசலத்தில் எம் சபையில் இருவர் ஒரே ஞாயிறன்று திருமுழுக்குப் பெற ஆயத்தமாயினர். இருவரும் பீங்கான் கொட்டகைகளில் வேலை செய்பவர்கள். ஒருவர் இளைஞர், அச்சில் களிமண் குழம்பு வார்த்துப் பொம்மை எடுப்பவர். முருகனுக்குரிய பெயர்களுள் ஒன்றை அவருடைய தாயார் நேர்ந்துகொண்டு அவருக்கு இட்டிருந்தார். மற்றவர் அறுபதை நெருங்கியவர். சூளையில் அடுக்கி இறக்குபவர். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் ‘மண்ணாங்கட்டி’, ‘குப்பை’, ‘பிச்சை’ என்று பெயரிடும் வழக்கத்தை நாம் அறிவோம். அத்தகைய பெயர் ஒன்றை அவர் சுமந்திருந்தார். தெருவில் இளையோரும் அப்பெயரை ஏவல் தொனியில் கூவி அழைப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

இளைஞர் தம் பெயரை மாற்ற விரும்பவில்லை. “தாய் இட்ட பெயரைக் களைந்தால் அவர்களையே களைந்ததாக எண்ணி வருந்துவார்கள் ஐயா” என்றார். முதியவரோ, “இந்தப் பெயரோடு என்னைத் தண்ணீரில் இறக்காதீர்கள், கேட்பவர்களுக்கு நானே பொருள் சொல்லக்கூடிய ஒரு பெயர் வேண்டும்” என்றார். சபைக் குழுவில் மூப்பர் பலர், முதலாமவர் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்றும், இருவருக்கும் வேதாகமப் பெயர்களையே இடவேண்டும் என்றும் வற்புறுத்தினர். வேதாகமப் பெயர் என்பது யாது என்னும் வினா அன்று எனக்கு எழுந்தது. அவ்வினாவைத் தொடர்ந்து கிரேக்க, அர்மீனியப் பெயர்களின் வரலாற்றில் நான் கண்டவற்றை உடன் ஊழியர்க்கும் இறையியல் மாணவர்க்கும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருள்வழியும் ஒலிவழியும்

நான் வாழும் ஊரின் பெயரே இவ்வாராய்ச்சிக்கு நல்ல வாயிலாக அமைகிறது. தேவார மூவரும் இவ்வூரைத் திருமுதுகுன்றம் என்று பாடினர். பழமலை என்பதும் இதன் பெயரே. பின்னாளில் ‘முது’ என்பது ‘விருத்த’ என்றும், ‘குன்றம்’ என்பது ‘அசலம்’ என்றும் வடமொழியில் பெயர்க்கப்பட, ஊர் விருத்தாசலம் ஆயிற்று. ஒலி முற்றிலும் மாறியது, பொருள் மாறவில்லை. இது பொருள்வழிப் பெயர்ப்பு.

இவ்வூரின் தொழிற்பெயரோ வேறு வழியில் வந்தது. ‘செராமிக்’ என்று நம் தொழிலாளர் நாள்தோறும் வழங்கும் சொல், ‘கெரமோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. குயவனின் களிமண்ணையும் அதனாற் செய்த கலத்தையும் அச்சொல் குறிக்கும். ஆதென்ஸ் நகரில் குயவர் வாழ்ந்த பகுதிக்குக் கெரமைக்கோஸ் என்று பெயர். உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல் குயவனைக் குறிக்கும் சொல்லும் இவ்வேரிலிருந்து பிறந்ததே. இங்கே ஒலி ஏறக்குறைய நிலைத்தது. பொருளோ வழங்குவோருக்கு மறைந்தது. இது ஒலிவழிப் பெயர்ப்பு. ஆட்பெயர்களும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு இவ்விரு வழிகளிலேயே வந்து சேர்கின்றன.

மொழிபெயர்க்கப்பட்ட அப்போஸ்தலர்

பெயரை மொழிபெயர்க்கலாகாது என்போர் உளர். ஆனால் புதிய ஏற்பாடே அதனைச் செய்திருக்கிறது. ஆண்டவர் சீமோனுக்கு இட்ட பெயர் ‘கேபா’ என்னும் அரமேயச் சொல்; பாறை என்பது அதன் பொருள். கிரேக்கர் அதன் பொருளை உணரும்பொருட்டு, ‘பெத்ரா’ என்னும் பாறைச் சொல்லினின்று ‘பெத்ரோஸ்’ என்னும் ஆண்பாற் பெயர் அமைக்கப்பட்டது. யோவான் நற்செய்தி முதல் அதிகாரம் இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. நம் தமிழ் வேதாகமத்தில் அவ்வசனத்தைப் படிக்கும் தமிழர், கேபா என்பதற்குப் பேதுரு என்று பொருள் என அறிகிறார். பேதுரு என்பதும் அவருக்கு விளங்காத ஒலியே. விளக்கத்திற்காக எழுதப்பட்ட வசனம் நம்மிடம் விளக்கமின்றி நிற்கிறது.

தோமா என்பது அரமேயத்தில் இரட்டையரைக் குறிக்கும். யோவான் அதனைத் ‘திதிமு’ என்று கிரேக்கத்தில் பெயர்த்துக் கூறுகிறார். யோப்பா பட்டணத்துச் சீஷியின் பெயர் தபீத்தாள். லூக்கா அதனைத் தொர்க்காள் என்று பெயர்க்கிறார். இரண்டிற்கும் பொருள் மான். இவை யாவற்றினும் மேலாக, ‘மேசியா’ என்னும் எபிரேயப் பட்டமே ‘கிறிஸ்து’ எனப் பொருள்வழிப் பெயர்க்கப்பட்டது. ‘இயேசு’ என்னும் பெயரோ ஒலிவழி வந்தது. நம் ஆண்டவரை நாம் அழைக்கும் திருப்பெயரிலேயே இவ்விரு வழிகளும் இணைந்துள்ளன.

மாற்றப்படாத பெயர்கள்

கிரேக்கரிடையே ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருந்தது. இரு சொற்களை இணைத்துப் பெயர் ஆக்குவது அவர்தம் மரபு. பிலிப்பு என்பது குதிரையை நேசிப்பவன். தெயோப்பிலு என்பது கடவுளுக்கு நண்பன். ஐனிக்கேயாள் என்பது நல்வெற்றி. அந்திரேயா ஆண்மையைக் குறிப்பது. மூத்த மகனுக்குப் பாட்டன் பெயரை இடுவதும் அவர்களிடையே பரவியிருந்த வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குவோனைப் ‘பெயரன்’ என்று அழைத்து, அச்சொல்லையே பேரன் ஆக்கிக்கொண்ட தமிழருக்கு இவ்வழக்கம் புதிதன்று.

அவர்களுடைய பெயர்களிற் பெரும்பகுதி தெய்வங்களின் பெயரால் அமைந்தவை. அத்தகைய பெயருடையோர் திருச்சபைக்குள் வந்தபோது யாது நடந்தது? அப்பொல்லோ என்னும் வல்லமைமிக்க போதகரின் பெயர் அப்போலோன் தேவனைச் சார்ந்தது. பிலிப்பியரின் தூதுவராகிய எப்பாப்பிரோதீத்துவின் பெயர், அப்ரோதித்தே தேவியின் அருளுக்குரியவன் என்று பொருள்படும். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளின் பெயர் ஒளிமிக்கவள் என்னும் பொருளது. ஆர்த்தெமிஸ் தேவிக்கும் அது வழங்கியது. தியொனீசியு என்பது மதுவின் தேவனாகிய தியோனிசோசின் பெயர்வழி வந்தது. உரோமச் சபையில் வாழ்த்தப்பெறும் நேரே என்பவர் கடல் தேவன் ஒருவனின் பெயரைத் தாங்கியவர்.

இவ்வுண்மை தமிழ் வாசகருக்கு எளிதிற் புலப்படாததற்கு நம் மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். எபேசுவின் தேவி கிரேக்க மூலத்தில் ஆர்த்தெமிஸ். நம் பழைய மொழிபெயர்ப்பில் அவள் உரோமப் பெயரால் தியானாள் எனப்படுகிறாள். ஆகவே தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் வரும் அர்த்தெமா அவள் பெயரைத் தாங்கியவர் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. லீஸ்திராவில் பர்னபாவுக்கும் பவுலுக்கும் மக்கள் இட்ட யூப்பித்தர், மெர்க்கூரி என்னும் பெயர்கள் கிரேக்கத்தில் செயுஸ், எர்மேஸ் என்பன. அதே நிருபத்தில் அர்த்தெமாவை அடுத்துக் குறிப்பிடப்படும் நியாயசாஸ்திரி சேனா முன்னவனின் பெயரையும், உரோமர் பதினாறில் வரும் எர்மே பின்னவனின் பெயரையும் சார்ந்தவர்கள். பவுலைத் தேவனென்று கூவி அழைத்தபோது அவர் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு தடுத்தார். அதே பெயருடைய விசுவாசிக்கோ மறுப்பேதுமின்றி வாழ்த்துக் கூறினார். வழிபாடு வேறு, பெயர் வேறு என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

எபேசுவில் தேவியின் வெள்ளிக் கோவில்களைச் செய்து சுவிசேஷத்தை எதிர்த்த தட்டானின் பெயரும், யோவானின் மூன்றாம் நிருபத்தில் நற்சாட்சி பெற்ற சகோதரரின் பெயரும் தேமேத்திரியு என்ற ஒன்றே. தெமேத்தேர் தேவியின் அடிச்சொல் இருவருக்கும் பொது. வேறுபாடு வாழ்விலேயே இருந்தது.

மறுபுறத்துச் சான்றையும் மறைத்தல் நேர்மையன்று. 310 ஆம் ஆண்டளவில் பலஸ்தீனத்துச் செசரியாவில் நீதிபதியின் முன் நின்ற எகிப்திய இரத்தசாட்சிகள் ஐவர், தம் பெயர்களைக் கேட்டபோது எலியா, எரேமியா, ஏசாயா, சாமுவேல், தானியேல் என்று மறுமொழி கூறினர். பெற்றோர் இட்டவை விக்கிரகங்களின் பெயர்களாயிருந்தமையால் அவற்றைக் களைந்தனர் என்று சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். அவர்கள் தாமே விரும்பிக் களைந்தனர், எவரும் கட்டாயப்படுத்தவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் விசுவாசிகள் தம் பிள்ளைகளுக்குப் பவுல், பேதுரு என்று அன்பினால் பெயரிட்டதைக் குறிப்பிட்டவர் அலெக்சாந்திரியாவின் பேராயர் தியோனிசியு. அதைக் கூறியவர், மதுத் தேவனின் பெயரைத் தாங்கியபடியே தம் சபையை மேய்த்து வந்தார்.

அர்மீனியர் கண்ட மூவழி

அர்மீனியத் திருச்சபையின் வரலாறு நமக்கு மேலும் தெளிவு தருகிறது. மரபின்படி 301 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசன் திரிதாத்து, கிரிகோரியாரின் கையால் திருமுழுக்குப் பெற்றான். ‘தீர்’ என்னும் ஈரானியத் தெய்வத்தால் தரப்பட்டவன் என்பது அவன் பெயரின் பொருள். கிறிஸ்தவன் ஆன பின்னும் வரலாறு அவனை அப்பெயராலேயே அறிகிறது. 405 ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் அர்மீனிய நெடுங்கணக்கை வகுத்தார். வேதாகமமும் அம்மொழியில் வந்தது.

அதன்பின் அம்மக்கள் பெயரிடுவதில் மூன்று வழிகளை ஒருங்கே கைக்கொண்டனர். முதலாவது, முன்னோர் பெயர்களைக் காத்தல். வர்தான், திக்ரான், மித்ர தேவனை நினைவூட்டும் மிஹ்ரான் முதலியன இவ்வகையின. இரண்டாவது, வேதாகமப் பெயர்களை ஒலிவழி ஏற்றல். பெத்ரோஸ், போகோஸ், ஹோவ்ஹன்னெஸ், ஹாகோப் என்பன முறையே பேதுரு, பவுல், யோவான், யாக்கோபு ஆவன. மூன்றாவது, தம் தாய்மொழிச் சொற்களாலேயே விசுவாசத்தைப் பெயராக்குதல். ஹாருத்யூன் என்றால் உயிர்த்தெழுதல். கச்சத்தூர் என்றால் சிலுவை தந்தவன். அவெத்திஸ் என்றால் நற்செய்தி. மக்ர்திச் என்றால் திருமுழுக்களிப்பவன். அஸ்த்வத்சதூர் என்றால் கடவுள் தந்தவன். கடைசியாகக் கூறியது, தெயோதோரஸ் என்னும் கிரேக்கப் பெயரின் அதே பொருளைத் தருவது. அர்மீனியத் தாய் தன் பிள்ளையை அழைக்குந்தோறும் தன் மொழியிலேயே விசுவாச அறிக்கை செய்தாள்.

இம்மக்கள் நமக்குத் தொலைவிலுள்ளோர் அல்லர். சென்னையில் பெத்ரோஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர் 1726 இல் அடையாற்றின்மேல் சைதாப்பேட்டையில் பாலம் ஒன்றைத் தம் செலவில் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அமைத்தார். வேப்பேரியில் அவர் கட்டிய சிற்றாலயம், 1751 இல் அவர் இறந்தபின், 1752 இல் கம்பெனியாரால் பெப்ரீஷியஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. வேதாகமத்தையும் ஞானப்பாட்டுகளையும் நமக்குத் தமிழில் தந்த லுத்தரன் ஊழியர், பாறை என்னும் பெயருடைய அர்மீனியர் எழுப்பிய ஆலயத்திலே பணியாற்றினார். பாலத்திற்கு இன்று மறைமலை அடிகள் பெயர். அவருடைய முற்பெயர் சுவாமி வேதாசலம். 1916 இல் அவர் தம் பெயரைப் பொருள்வழித் தமிழாக்கிக்கொண்டார்: வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. முதுகுன்றம் விருத்தாசலம் ஆன வழியிலேயே, எதிர்த்திசையில் நடந்த பயணம் அது.

1794 இல் சென்னையில் குருவானவர் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் ‘அஸ்தராரர்’ என்னும் இதழைத் தொடங்கினார். உலகில் அர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுவே. ஷ்மாவோன் என்பது சீமோன். ‘யன்’ என்பது குடியைக் குறிக்கும் விகுதி. ஆகவே அவர் சீமோன் குடியில் வந்த உயிர்த்தெழுதல் ஆவார். ஆங்கிலேயர் நாவில் இப்பெயர் ‘அரத்தூன்’ எனத் திரிந்தது. ஒலி சிதைந்ததும் உயிர்த்தெழுதல் என்னும் பொருளும் கேட்போருக்கு மறைந்தது. 1824 இல் மறைந்த அவர், 1772 இல் கட்டப்பட்ட அர்மீனிய ஆலயத்தின் வளாகத்தில் அடக்கம் பண்ணப்பட்டார். அவ்வாலயம் நிற்கும் அர்மீனியர் தெருவைச் சென்னைத் தமிழர் ‘அரண்மனைக்காரன் தெரு’ என்றனர். பொருள் அறியாத ஒலிக்கு மக்கள் தாமே ஒரு பொருளைப் படைத்துக்கொள்வர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தமிழ்த் திருச்சபையின் அனுபவம்

தமிழகத்தில் பொருள்வழிப் பெயரிடலை முற்பட மேற்கொண்டோர் உரோமன் கத்தோலிக்கச் சகோதரர். ‘ஸ்தெபனோஸ்’ என்றால் வெற்றி முடி. ஆகவே ஸ்தேவான் முடியப்பர் ஆனார். ‘பவுலுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவன் என்று பொருள். ஆகவே பவுல் சின்னப்பர் ஆனார். யோவான் என்பது கர்த்தரின் அருளைக் குறிப்பதால் அருளப்பர் ஆயிற்று. அந்திரேயா பெலவேந்திரர் ஆயிற்று. கொன்ஸ்தான்சோ பெஸ்கி பாதிரியார் நிலைபேறு என்னும் தம் பெயர்ப்பொருளைத் தழுவித் தைரியநாதர் எனப்பட்டார். பின்னர் வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணியில் அவர் யோசேப்பை வளன் என்றார். பெருகச் செய்தல் என்னும் எபிரேயப் பொருளை அது தழுவியது. யோவானைக் கருணையன் என்றார். எம் ஊருக்கு அண்மையிலுள்ள கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய ஆலயத்தில் மரியாளுக்குப் பெரியநாயகி என்று பெயர். திருமுதுகுன்றத்துத் திருக்கோயிலின் அம்மைக்கும் அதுவே பெயர் என்பதை இப்பக்கத்தார் யாவரும் அறிவர்.

சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் பெரும்பாலும் ஒலிவழியையே தெரிந்துகொண்டோம். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்தவர் ஆரோன் ஆனார். 1733 இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று, இந்தியச் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் உள்நாட்டுக் குருவானார். எனினும் வேறு வழிகளும் இருந்தன. 1745 இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு லாசரு என்னும் பெயரின் பொருளே தேவசகாயம் என வழங்கியது. 2022 இல் உரோமன் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தபோதும் அத்தமிழ் வழக்கே நிலைத்தது. 1858 இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ண பிள்ளை ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்களை ஏற்றார். ஆனால் கிருஷ்ணன் என்னும் பெயரை விடவில்லை. இரட்சணிய யாத்திரிகத்தை நம் சபைக்கு அளித்தவரின் பெயரால் நம் விசுவாசம் குன்றிற்றா? எப்பாப்பிரோதீத்துவின் பெயரால் பிலிப்பி சபை குன்றாதது போலவே, அதுவும் குன்றவில்லை.

இவ்விடத்தில் ஒலிவழிப் பெயர்களை இகழ்ந்துவிடலாகாது. உரோமப் பேரரசில் அடிமைகளுக்குப் பெரும்பாலும் எசமானர்களே பெயரிட்டனர். ஒநேசிமு என்றால் பயனுள்ளவன். ஒரு கருவிக்கு இடத்தக்க பெயர். பவுல் அச்சொல்லையே எடுத்தாண்டு, அவனைச் சகோதரனாக ஏற்கும்படி பிலேமோனை வேண்டினார். உரோமருக்கான நிருபத்தை எழுதிக்கொடுத்த தெர்தியுவின் பெயருக்கு மூன்றாமவன் என்பதே பொருள், குவர்த்து நான்காமவன். எண்ணால் அறியப்பட்ட அந்த மூன்றாமவன், நிருபத்தின் முடிவில் தன் பெயரைச் சொல்லித் தானே வாழ்த்துக் கூறுகிறான்.

நம் கிராமங்களிலும், இழிவாகக் கூவி அழைக்கப்பட்டோர் சாமுவேல் என்றும் எஸ்தர் என்றும் பெயர் பெற்றபோது, அப்பெயரின் பொருளை அறியாவிடினும் அதன் விடுதலையை அறிந்தனர். சாதியைக் காட்டிக்கொடாத பெயர் ஒன்று கிடைத்தது அவர்களுக்குச் சிறிய ஈவு அன்று. தமிழ்ப் பெயர் வேண்டும் என்று இன்று எளிதாகக் கூறும் நாம், அன்று அவர்களிடத்தில் வழங்கிய தமிழ்ப் பெயர்கள் எவை என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆயரின் கடமை

மேற்கண்ட வரலாறு நமக்கு ஒரே விதியைத் தரவில்லை. ஆயினும் ஒரு நெறி தெரிகிறது. அறியப்படவேண்டிய பெயரை அப்போஸ்தலர் பொருள்பட மொழிபெயர்த்தனர். அறியப்பட்ட மனிதரின் பெயரை மாற்றாமல் ஏற்றனர். களைய விரும்பியோரைத் தடுக்கவில்லை. மூன்றிலும் பெயரைத் தாங்குபவரே முதன்மை பெற்றார். பெயரின் மொழியோ மூலமோ அவரைத் தீட்டுப்படுத்தவுமில்லை, தூய்மைப்படுத்தவுமில்லை. திருமுழுக்கு நாம் இடும் பெயரினால் அன்று, திரியேக தேவனின் திருநாமத்தினாலேயே நிறைவேறுகிறது.

ஆகவே ஆயர் மூன்று வினாக்களைக் கேட்டல் நலம். இப்பெயரைத் தாங்கப்போகிறவர், அல்லது அவருடைய பெற்றோர், இதனை விரும்புகின்றனரா? இதன் பொருளை அவர்கள் அறிவார்களா? இப்பெயர் அவரை உயர்த்துமா, தாழ்த்துமா? இரண்டாம் வினாவுக்கு விடை அளிக்கும் கடமை கிரேக்கமும் எபிரேயமும் பயின்ற நம்முடையது. திருமுழுக்கு ஆயத்த வகுப்பில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். ஸ்தேவான் என்று பெயர் பெறும் பிள்ளையின் பாட்டி, அது முடி என்னும் பொருளது என்று அறிந்து வீடு திரும்பட்டும்.

எம் சபையின் இருவரைப் பற்றியும் கூறி முடிக்கிறேன். நெடுநேர உரையாடலுக்குப்பின் குழு இணங்கிற்று. இளைஞர் தம் தாய் இட்ட பெயரோடே திருமுழுக்குப் பெற்றார். கிறிஸ்தவர் அல்லாத அத்தாயார் அன்று ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். முதியவருக்குத் தெயோதோரஸ், அஸ்த்வத்சதூர் என்னும் பெயர்களின் பொருளை விளக்கினேன். ஒலி இரண்டும் வாயில் நுழையவில்லை என்றார். பொருள் வேண்டும் என்றார். தேவவரம் என்று அவரே தெரிந்துகொண்டார். மூப்பர் ஒருவர் இன்றளவும் அவ்விளைஞரை வேறொரு வேதாகமப் பெயரிட்டே அழைக்கிறார். இளைஞரும் பொறுமையோடு திரும்பிப் பார்க்கிறார். ஆனால் முதியவரைச் சபையில் எவரும் பழைய பெயரால் அழைப்பதில்லை. சூளையருகிலும் இப்போது சிலர் புதிய பெயரைச் சொல்லத் தொடங்கியிருக்கின்றனர். பொருள் கேட்பவருக்கு அவர் கைவேலையை நிறுத்திப் பொருள் சொல்கிறார்.